பதவி ‘மேனேஜர்’, செய்வது துணிப் பரிசோதனை: தொழிலாளர் சட்டம் எனக்குப் பொருந்துமா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 2014 ஜூன் மாதத்தில் குவாலிட்டி செக்கராகச் சேர்ந்த அவருக்கு, 2018இல் ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்றும் 2021இல் ‘மேனேஜர் - குவாலிட்டி’ என்றும் பதவிப் பெயர் மாற்றித் தரப்பட்டது. பெயர் மாறியபோது சம்பளம் சிறிது உயர்ந்தது, வேலை மட்டும் மாறவில்லை என்கிறார். வந்திறங்கும் துணி ரோல்களை ஃபோர் பாயிண்ட் முறையில் பார்த்துக் குறைகளுக்குப் புள்ளியிடுவது, ஜி.எஸ்.எம். எடை (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்ப்பது, நிறத்தின் ஷேடு ஒப்பிடுவது, ஷிப்மெண்டுக்கு முன் ஏ.கியூ.எல். 2.5 என்ற மாதிரி எடுப்பு அட்டவணைப்படி பீஸ்களை எடுத்து அளந்து அறிக்கை எழுதுவது ஆகியவைதாம் இன்றும் அவருடைய நாள் முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. உடன் இருக்கும் இரண்டு இளம் செக்கர்களுக்குக் காலையில் எந்த லைனை யார் பார்ப்பது என்று பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். ஆனால் அவர்களுக்கு விடுப்பு தருவதும், ஆள் எடுப்பதும், திரும்பி வந்த சரக்கை என்ன செய்வது என்று முடிவெடுப்பதும் ஜெனரல் மேனேஜர்.

2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியதிலிருந்து ஆர்டர்கள் குறைந்துவிட்டன என்று காரணம் சொல்லி, இந்த மாத இறுதிக்குள் ராஜினாமா கடிதம் தரும்படி எச்.ஆர். பிரிவு அவரிடம் கேட்டிருக்கிறது. தந்தால் இரண்டு மாதச் சம்பளமான 68,000 ரூபாயும் அனுபவச் சான்றிதழும் கிடைக்கும், தராவிட்டால் இரண்டுமே இல்லை என்று சொல்லப்பட்டிருக்கிறது. “நீங்கள் மேனேஜர், உங்களுக்கு லேபர் கோர்ட் கிடையாது, 18,000க்கு மேல் சம்பளம் வாங்குபவர் யாரும் அங்கே போக முடியாது, மேனேஜருக்கு கிராஜுவிட்டி தருவது கம்பெனியின் விருப்பம்” என்பது அவர்கள் தந்த விளக்கம். இவற்றோடு, 2021இல் ‘மேனேஜர்’ என்று அச்சிட்ட இடத்தில் ஏதோ ஒரு அரசுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதாகவும் நினைவு, அதனால் பிரச்சினை வருமா என்றும் கேட்கிறார். குடும்பத்தின் ஒரே வருமானம் அவருடையது.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலை முழுவதும் படித்து, ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ நேரில் பார்த்துப் பேசும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். உங்களிடம் சொல்லப்பட்ட மூன்று செய்திகளில் ஒன்று முழுத் தவறு, ஒன்று பாதி உண்மை, மற்றொன்று இனிமேல்தான் நிரூபிக்கப்பட வேண்டியது. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டால், அதன்பின் உங்களை நீக்கினார்களா, நீங்களாக விலகினீர்களா என்பதே முதல் வழக்காகிவிடும். மிரட்டி வாங்கிய கடிதம் என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில் விழும்.

ஒரே பெயர், வெவ்வேறு சட்டங்கள்

‘மேனேஜர்’ என்ற சொல்லுக்கு இந்தியச் சட்டங்களில் ஒரே பொருள் இல்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி மேனேஜர் என்பவர், இயக்குநர் குழுவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு ஒரு கம்பெனியின் முழு நிர்வாகத்தையும், அல்லது ஏறத்தாழ முழு நிர்வாகத்தையும், கையில் வைத்திருக்கும் தனிநபர். ஒரு கம்பெனி ஒரே காலத்தில் நிர்வாக இயக்குநரையும் இந்தப் பொருளிலான மேனேஜரையும் வைத்துக்கொள்ளக்கூடச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் வரும் மேனேஜர் வேறு: தொழிற்சாலையின் பொறுப்பாளராக, பெயர் குறிப்பிட்டு ஆய்வாளருக்குத் தெரிவிக்கப்பட்டவர் அவர். கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்குமான 1947ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ‘நிர்வாக நிலையில்’ இருப்பவர்களைத் தன் பாதுகாப்பிலிருந்து விலக்குகிறது. பொதுத்துறை வங்கியிலோ மேனேஜர் என்பது இரண்டாம் நிலை அதிகாரியின் தரத்தைக் குறிக்கும் பெயர்.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே, நிறுவனங்கள் தாமாக அச்சடித்துத் தரும் பெயர்கள் இருக்கின்றன. ரிலேஷன்ஷிப் மேனேஜர், அக்கவுண்ட் மேனேஜர் என்ற பெயரில் தனக்குக் கீழே ஒருவர்கூட இல்லாமல் உழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. உங்கள் கடிதத்தில், பையருக்கு (ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு) மின்னஞ்சல் அனுப்பும்போது கையொப்பத்தின் கீழ் மதிப்பாக இருக்கட்டும் என்பதற்காகவே 2021இல் இந்தப் பெயர் தரப்பட்டதாக ஜெனரல் மேனேஜர் சொன்னார் என்று ஒரு வரி வருகிறது. அதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அப்படி ஒரு செய்தி இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலைநீக்கத் தகராறுகளுக்கு இன்று பொருந்தும் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020. அதற்கு முன்பிருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தைப் போலவே இதுவும் பதவிப் பெயரைப் பற்றிப் பேசுவதில்லை. உடலுழைப்பு, திறன்சார்ந்த பணி, தொழில்நுட்பப் பணி, இயக்குதல், எழுத்தர் பணி, மேற்பார்வை ஆகியவற்றில் ஒன்றைச் செய்பவர் தொழிலாளி. அவர்களில் ‘பெரும்பாலும் நிர்வாகப் பொறுப்பில்’ அமர்த்தப்பட்டவர்கள் விலக்கப்படுகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது ‘பெரும்பாலும்’ என்ற அந்தச் சொல்லை. அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

உங்கள் வேலையை எப்படி எடைபோடுவார்கள்

உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைப் பல பதிற்றாண்டுகளாகக் கையாண்டு வருகிறது. ஆனந்த பஜார் பத்திரிகா வழக்கில், வருங்கால வைப்புநிதிப் பிரிவின் பொறுப்பில் இருந்த முதுநிலை எழுத்தரின் கீழ்ச் சில எழுத்தர்கள் இருந்தார்கள். முதன்மையான வேலை எழுத்தர் வேலையாக இருக்கும்போது, சிறிய அளவில் மேற்பார்வையும் செய்தார் என்பதால் அவர் மேற்பார்வையாளர் ஆகிவிட மாட்டார் என்பது அங்கே ஏற்கப்பட்ட கொள்கை. 1985இல் சிபா கெய்கி நிறுவனம் தொடர்பான வழக்கில், ஒருவருடைய அடிப்படையான, மேலோங்கிய வேலை எது என்று பார்க்க வேண்டும், மேலே பூசப்பட்ட கூடுதல் பொறுப்புகளைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. காலையில் இரண்டு செக்கர்களுக்கு லைன் பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதி நாள் முழுவதும் நீங்களே அளவுநாடாவோடு நின்று பீஸ் பார்க்கிறீர்கள் என்றால், இந்தத் தீர்ப்புகள் உங்கள் பக்கம் நிற்கின்றன.

மறுபக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. 2024 அக்டோபரில் பத்திரிகை நிறுவனம் ஒன்றின் உதவிப் பொறியாளர் வழக்கில், பதவிப் பெயர் அல்ல, செய்த வேலையே அளவுகோல் என்பதை உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. ஆனால் அந்த அளவுகோலாலேயே அந்தப் பொறியாளர் தோற்றார். தான் தொழிலாளி என்று காட்டுவதற்கான சான்றுகளை அவர் முன்வைக்கவில்லை. மேனேஜர் அல்லாதவர் எல்லோரும் தானாகவே தொழிலாளி ஆகிவிடுவதும் இல்லை. 1988இல் கோவா பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்கில், கற்பித்தல் சட்டம் பட்டியலிடும் எந்த வகை வேலையிலும் சேராது என்று தீர்ப்பு வந்தது. ஆகவே, ‘நான் மேனேஜர் இல்லை’ என்று மறுத்தால் மட்டும் போதாது. செய்தது தொழில்நுட்பப் பணி அல்லது திறன்சார்ந்த பணி என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

அப்படிக் காட்டுவதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆய்வு அறிக்கைகளில் ‘பரிசோதித்தவர்’ என்ற கட்டத்தில் உங்கள் கையெழுத்தும் ‘ஒப்புதல் அளித்தவர்’ என்ற கட்டத்தில் வேறொருவர் கையெழுத்தும் இருக்கிறதா? ஒரு லாட்டை நிராகரித்துவிட்டு, முடிவுக்காக ஜெனரல் மேனேஜரிடம் அனுமதி கேட்டு எழுதிய மின்னஞ்சல்கள் இருக்கின்றனவா? உங்கள் சொந்த விடுப்புக்கு யாரிடம் விண்ணப்பித்தீர்கள்? ஒருவருக்காவது நீங்கள் மெமோ கொடுத்தது உண்டா, ஒரு ரூபாய்க்காவது செலவு அனுமதி உங்கள் கையில் இருந்ததா? ‘இல்லை’ என்ற பதில்களே இங்கே உங்களுக்குப் பலம். உங்கள் வேலையைக் காட்டும் மாதிரித் தாள்கள் சில போதும். பையரின் விலை விவரம், டிசைன் போன்றவற்றை வெளியே எடுத்துச் செல்ல வேண்டாம், அது உங்கள்மீதே குற்றச்சாட்டாகத் திரும்பும்.

18,000 ரூபாய் வரம்பு யாருக்கு?

இதுதான் பாதி உண்மை என்று நான் குறிப்பிட்டது. பழைய சட்டத்தில் 10,000 ரூபாயாக இருந்த வரம்பு புதிய தொகுப்பில் 18,000 ஆகியிருக்கிறது, அது உண்மை. ஆனால் அந்த வரம்பு மேற்பார்வைப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது. தொழில்நுட்பப் பணியோ திறன்சார்ந்த பணியோ செய்பவருக்குச் சம்பள வரம்பே கிடையாது. மாதம் 80,000 ரூபாய் வாங்கும் இயந்திரத் தொழில்நுட்பரும் தொழிலாளியாக இருக்க முடியும்.

உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது, உங்கள் வேலை மேற்பார்வை என்று முடிவானால் நீங்கள் வரம்பைத் தாண்டி வெளியே போய்விடுவீர்கள். எனவே மனுவில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். நம் ஊரில் பலர், தாம் செய்த வேலைக்கு மதிப்புக் கூட்டிச் சொல்வதாக நினைத்து, ‘முழு டிபார்ட்மெண்டையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்’ என்று தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் சொல்லிவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வாக்கியம் போதும், வழக்கு சாய்வதற்கு. செய்ததைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

2021இல் கையெழுத்திட்ட படிவம்

இதைச் சின்ன விஷயமாக விட்டுவிட முடியாது. பையரின் சார்பில் வரும் ஆடிட்டுக்காக நிறுவனம் தயாரித்த தாளாக அது இருந்தால் பெரிய விளைவு இல்லை. ஆனால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அனுப்பப்பட்ட அறிவிப்பாக இருந்தால் நிலைமை வேறு. அந்தக் காலத்தில் நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிற்சாலையின் உடைமைப் பொறுப்பாளர் (ஆக்குபையர், அதாவது தொழிற்சாலையின் மீது இறுதிக் கட்டுப்பாடு உள்ளவர்) மேனேஜரின் பெயரை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டமீறல் நடந்தால் உடைமைப் பொறுப்பாளரும் அந்த மேனேஜரும் இருவருமே குற்றவாளிகளாகக் கருதப்பட்டு, இரண்டு ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உங்கள் பெயர் அப்படிக் கொடுக்கப்பட்டிருந்தால் இரண்டு சிக்கல்கள் எழும். ஒன்று, நீங்கள் நிர்வாகப் பொறுப்பில் இருந்தீர்கள் என்று வாதிட நிறுவனத்துக்கு அது வசதியான ஆவணம். மற்றொன்று, நீங்கள் வெளியேறிய பிறகும் பதிவேட்டில் உங்கள் பெயர் தொடர்ந்தால், நீங்கள் கால் வைக்காத கட்டடத்தில் நடக்கும் விபத்துக்கும் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரக்கூடும்.

உங்கள் நிறுவனத்தின் மேனேஜராக யார் பெயர், எந்தத் தேதியிலிருந்து பதிவாகியிருக்கிறது என்று அந்த இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். உங்கள் பெயர் இருந்தால், வேலையிலிருந்து நீங்கும் நாளிலேயே அதை மாற்றும்படி நிறுவனத்துக்கும் இயக்ககத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள்.

மேனேஜர் என்றே வைத்துக்கொண்டாலும்

கிராஜுவிட்டி நிறுவனத்தின் விருப்பம் என்பது முழுத் தவறு. முன்பிருந்த பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களையும் பணியாளர்களாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது. இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதையே தொடர்கிறது. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவர் ராஜினாமா செய்தாலும், நீக்கப்பட்டாலும் அதற்கு உரியவர். கணக்கு இப்படி: 18,200 ரூபாயை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 10,500. 2014 ஜூனிலிருந்து பார்த்தால் 11 ஆண்டுகள் முடிந்து ஆறு மாதத்துக்கும் மேல் ஆகிவிட்டதால் 12 ஆண்டுகளாகக் கணக்கிட வேண்டும். ஆக 1,26,000 ரூபாய். எச்.ஆர். தருவதாகச் சொல்லும் 68,000 ரூபாய், உங்களுக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இந்தத் தொகைக்கே எட்டவில்லை. நிலுவைச் சம்பளத்தைப் பணி முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிறது, அதுவும் எல்லாப் பணியாளர்களுக்கும் பொருந்தும். வருங்கால வைப்புநிதி உங்கள் பணம், அதை யாரும் நிறுத்திவைக்க முடியாது.

நீங்கள் தொழிலாளி என்று ஏற்கப்பட்டால் இவற்றுக்கு மேல் கிடைப்பவை உண்டு. ஆர்டர் குறைவு என்று ஆளைக் குறைப்பது சட்டத்தின் மொழியில் ஆட்குறைப்பு. அதற்குக் காரணம் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்துபூர்வ நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம் வீதம் இழப்பீடும் தர வேண்டும். 18,200 ரூபாயை அடிப்படையாகக் கொண்டாலே இழப்பீடு 12 ஆண்டுக்கு 1,09,200 ரூபாய் வருகிறது. ஆட்குறைப்புக்கு உள்ளானவர்களுக்கான மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் ஊதியத்துக்கும் சட்டத்தொகுப்பில் வழி இருக்கிறது. பொதுவாக, அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் குறைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. உங்களுக்குப் பின் வந்த இருவரை வைத்துக்கொண்டு உங்களை அனுப்புவதற்கு அவர்கள் காரணம் எழுதியாக வேண்டும்.

தொழிலாளி அல்ல என்று முடிவானால், உரிமையியல் நீதிமன்றத்தில் நியமனக் கடிதத்தில் கண்டபடி நோட்டீஸ் காலச் சம்பளத்துக்கும் இழப்பீட்டுக்கும் வழக்குப் போடலாம், ஆனால் மீண்டும் வேலை கொடு என்று அங்கே பொதுவாக உத்தரவு கிடைக்காது. தொழிலாளியாக வென்றாலும் வேலை திரும்பக் கிடைப்பது உறுதி இல்லை. பல வழக்குகள் தொகையாகவே முடிகின்றன, அதற்கும் ஆண்டுகள் ஆகலாம். ஒரே வருமானத்தில் குடும்பம் நடத்தும் உங்களுக்கு, உரிமையை விட்டுக்கொடுக்காமல் சமரசக் கட்டத்திலேயே நியாயமான தொகைக்கு முடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. மேலே சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு பேசினால், 68,000 என்ற எண் மேசையில் நிற்காது.

இந்த மாத இறுதிக்குள்

உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எச்.ஆர். பிரிவுக்கு மரியாதையாக, சுருக்கமாக எழுதுங்கள்: ராஜினாமா செய்யும்படி இன்ன தேதியில் வாய்மொழியாகக் கேட்கப்பட்டது, எனக்கு அந்த எண்ணம் இல்லை, தொடர்ந்து பணிபுரிய அணியமாக இருக்கிறேன், நிறுவனம் வேறு முடிவு எடுத்தால் காரணத்தோடு எழுத்தில் தரவும். அதன்பின் ஒரு நாளும் தவறாமல் வேலைக்குச் செல்லுங்கள். வாசலில் நிறுத்தினால் அன்றைக்கே அதைக் குறிப்பிட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘அவராகவே வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்’ என்று பின்னால் சொல்லப்படுவதற்கு அதுதான் தடுப்பு. நியமனக் கடிதம், இரண்டு பதவி உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், வைப்புநிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வையுங்கள். அனுபவச் சான்றிதழ் தராவிட்டாலும் நீங்கள் 11 ஆண்டுகளுக்கு மேல் உழைத்ததற்கு இவையே சாட்சி. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், கைபேசியையும் மாற்றாதீர்கள். அவற்றைச் சான்றாகத் தாக்கல் செய்ய 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டப்படி ஒரு சான்றுரை இணைக்க வேண்டும், அதை வழக்கறிஞர் தயாரித்துக் கொடுப்பார்.

எழுத்தில் நீக்கினால், அல்லது எழுத்து இல்லாமலேயே வாசலில் நிறுத்தினால், உங்கள் பகுதியின் தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) மனுக் கொடுங்கள். பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்தால் சமரச அலுவலர் அதை எடுத்துக்கொள்ள முடியாது என்பது இப்போதைய விதி. சமரசம் முறிந்தால், அவருடைய அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிராஜுவிட்டிக்கு இந்தத் தகராறு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பணி முடிந்ததும் தனியாக விண்ணப்பம் கொடுங்கள், 30 நாட்களுக்குள் தராவிட்டால் வட்டியோடு கேட்கலாம். அந்தத் தொகையைப் பெற்றுக்கொள்ளும்போது ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரியோடு ரசீது நீட்டினால், கிராஜுவிட்டிக்காக மட்டும் பெற்றுக்கொண்டேன் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.